பின்னால் போகாத இருக்கை

அத்தியாயம் 6

ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஜின்மோ காப்பிக் கோப்பையை வாயருகே நிறுத்தினான். கார் அணைந்திருந்தது. சாவி மேஜை மேல் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

"கேட்டியா?"

"கேட்டுது" என்றாள் தாரே. திறந்த கதவருகே குந்தியிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "வெடிகுண்டா இருந்தா தேவல சார். நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவு."

மதியம் இரண்டு மணி. சியோலில் ஜாங்கான்ப்யொங் பக்கம், கார் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கியிருந்த ஒர்க்‌ஷாப் அது. தகரக் கூரை மேல் நவம்பர் மழை விழுந்துகொண்டிருந்தது. மாடியில் ஜின்மோவின் துப்பறியும் அலுவலகம். கீழே பத்து வருடம் கார் எலக்ட்ரீசியனாக இருந்த தாரே, போன வருடம்தான் அவனுக்கு உதவியாளராக மாடி ஏறினாள். பதினெட்டுப் படி ஏறியும் தலைக்கனம் ஏறாத ஒரே ஆள் தான்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

ஜின்மோவுக்கு வயது முப்பத்தாறு. கொஞ்ச மாதங்களாக எந்த வேலையும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. முடித்துவிட்டு எங்கே போவது என்பதும் தெரியவில்லை.

இந்த வேலை சீக்கிரம் முடியக்கூடியதுதான். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய படிவத்தில் ஒரே கேள்வி. விபத்து நேரத்தில் காரை ஓட்டியவர் யார்? மாலை ஆறு மணிக்குள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, பாங் தேவான் என்கிற கட்டிட கான்ட்ராக்டர் குடித்துவிட்டு மாற்று டிரைவரைக் கூப்பிட்டார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். செல்போனில் அழைத்தால் யாரோ ஒருவர் நடந்து வருவார். உங்கள் காரில் உங்களையே ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவார். பிறகு பஸ்ஸைத் தேடிக்கொண்டு நடப்பார். அன்றைக்கு வந்தவர் மல்சுன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. ஐந்தடிக்கும் குறைவான உயரம்.

அவர் நாற்பது நிமிடம் ஓட்டி, தேவானின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல் வரை வந்தது உறுதி. அதற்குப் பிறகு இரண்டு கதை இருந்தது. கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவில் கார் காவலாளி ஹோவை மோதியது. வாசலிலேயே என்னை இறங்கச் சொல்லிவிட்டார், கீழே அவரேதான் ஓட்டிக்கொண்டு போனார் என்றார் மல்சுன். நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், அவள் மோதிவிட்டு ஓடிவிட்டாள் என்றார் தேவான். சரிவில் இருந்த கேமராவில் முகப்பு விளக்கின் கண்கூசும் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் பதிவாகவில்லை. ஹோ இன்னும் கண் திறக்கவில்லை.

தீர்ப்புச் சொன்னது இருக்கை. போலீஸ் வந்தபோது அது முன்கோடி வரை தள்ளப்பட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் பின்னால் போகவில்லை. தேவானின் உயரம் ஆறடி இரண்டங்குலம். அவரை உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் மழையில். "இதுலயா நான் ஓட்டினேன்?" என்று கேட்டாராம்.

"குள்ளமானவங்க சீட்ட முன்னாடி தள்ளுவாங்க. இதுல துப்பறிய என்ன இருக்கு?" ஜின்மோ பேனாவை எடுத்தான்.

"இருங்க சார். இது ஏன் பின்னால போகலன்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"அதுக்கும் கேசுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. ரிப்பேரான எதப் பாத்தாலும் எனக்குக் கை அரிக்கும். அதனாலதான் உங்க கிட்ட வேலைக்கு வந்தேன்."

ஜின்மோ பேனாவை மூடினான். அவளோடு வாதாடுவதைவிட அது சுலபம்.

போலீஸ் மெக்கானிக்கின் குறிப்பு மேஜையில் இருந்தது. 'மோட்டார் எரிந்துவிட்டது. காரின் பேட்டரியும் காலி' என்று ஒன்றரை வரி. தாரே வந்ததும் வேறு பேட்டரி மாட்டியிருந்தாள். அதிலிருந்துதான் அந்த 'டிக்'. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது.

இருக்கைக்கு அடியில் கையை விட்டு மோட்டாருக்குப் போகும் இணைப்பைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயரை இழுத்து மோட்டாரில் வைத்தாள். உர்ரென்று இருக்கை ஒரு விரல்கடை பின்னால் வந்தது. ஒயர்களை மாற்றி வைத்தாள். பழைய இடத்துக்கே திரும்பியது.

"எரிஞ்ச மோட்டார் நல்லா நடக்குது" என்றாள். "எங்க ஆளுங்க எழுதுறதுக்கும் போலீஸ் எழுதுறதுக்கும் ஒரே வித்தியாசம், அவங்க சீல் வெப்பாங்க."

"அப்ப கரண்ட் வரல."

"அதையும் கேட்டுருவோம்." ஊசிமுனை வைத்த சோதனை விளக்கைச் சுவிட்சிலிருந்து வரும் ஒயரில் குத்தினாள். விளக்கு எரிந்தது. "வருது. கரண்ட் வருது, மோட்டார் நல்லாருக்கு, சீட் போகல. யோசிங்க."

"யோசிக்கிற நிலமைல நான் இல்ல."

"சரி, அழுத்துற நிலமைல இருக்கீங்களா? பின்னாடி போற பக்கம் அழுத்துங்க."

ஜின்மோ குனிந்து, இருக்கையின் பக்கவாட்டில் இருந்த பட்டனைப் பின்னால் தள்ளிப் பிடித்தான். தாரே முதல் ஒயரைக் குத்தினாள். விளக்கு எரிந்தது. இரண்டாவது ஒயரைக் குத்தினாள். அதிலும் எரிந்தது.

"விடுங்க."

விட்டான். இரண்டாவது ஒயரில் விளக்கு அணைந்தது. அவள் மறுபடி முதல் ஒயரைக் குத்தினாள். எரிந்தது.

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேனே."

"யாருமே தொடாதப்பவும் முன்னாடி போற ஒயர்ல கரண்ட் இருக்கு சார்." தாரே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். "தண்ணிச் சக்கரம் மாதிரி வெச்சுக்குங்க. ஒரு பக்கம் தண்ணி உள்ள வரணும், இன்னொரு பக்கம் வெளிய போகணும். அப்பத்தான் சுத்தும். ரெண்டு பக்கமும் தண்ணிய அடிச்சா? நிக்கும். இதுல முன்னாடி போற பக்கம் சுவிட்சுக்குள்ள ஒட்டிக்கிச்சு. பட்டன் வெளிய பழைய எடத்துக்கு வந்துருச்சு, உள்ள ஒட்டினது ஒட்டினதுதான். நீங்க பின்னாடி அழுத்தினா ரெண்டு பக்கமும் தண்ணி."

"அந்த டிக்?"

"மோட்டார் இன்னும் முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கு. போறதுக்கு எடமில்ல, ஆனா நிறுத்துன்னு யாரும் சொல்லல. சூடானதும் உள்ள இருக்கிற ஒரு பாதுகாப்பு சுவிட்ச் கரண்டத் துண்டிச்சு விடும். ஆறினதும் மறுபடி சேத்து விடும். அதான் டிக். வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா தள்ளித் தள்ளியே அந்த பேட்டரி செத்துருக்கு."

அந்த மோட்டாரின் நிலைமை ஜின்மோவுக்கு நன்றாகவே புரிந்தது. அதைச் சொல்லாமல் ஆறிப்போன காப்பியைக் குடித்தான். கோப்பையைக் கீழே வைக்கும்போது கை நின்றது.

"தாரே. எப்ப ஒட்டிச்சு அது?"

"கடைசியா யாரு முன்னாடி அழுத்தினாங்களோ அப்ப."

"அதுக்கு முந்தியே ஒட்டியிருந்தா?"

"முந்தியே ஓடி முட்டியிருக்கும். ஒரு தடவ தொட்டாப் போதும் சார், முனைக்குப் போய்த்தான் நிக்கும். நடுவுல நிறுத்தணும்னா பேட்டரியக் கழட்டணும்."

"அப்ப அந்தம்மா ஓட்டுறதுக்கு முன்னாடி இதத் தொட்டிருந்தா..."

"நாப்பது நிமிஷமும் இதே முனைலதான் உக்காந்து ஓட்டியிருக்கணும்."

ஜின்மோ படிவத்தைப் பார்த்தான். பிறகு இருக்கையைப் பார்த்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக அதைச் சரியாகப் பார்த்தான்.

"அவங்கள வரச் சொல்லு" என்றான். "இன்ஸ்பெக்டர் யோமையும். தேவான் நாலு மணிக்கு கோல்ஃப் பைய எடுக்க வராரு. அதுக்கு முன்னாடி வேணும்."

மல்சுன் மூன்று மணிக்கு வந்தார். குடையை வெளியே மூன்று தடவை உதறினார். தரை நனைந்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். தோளில் கனத்த துணிப்பை. யார் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

பின்னாலேயே வந்த போக்குவரத்துப் பிரிவு இன்ஸ்பெக்டர் யோம் அடுப்பருகே நின்று கைகளைச் சூடேற்றினார். கண்ணுக்குக் கீழே சதை தொங்கியது. "சீட்டப் பாக்கவா கூப்பிட்டீங்க? அதுதான் பாத்தாச்சே."

"நான் சீட்டத் தொடவே இல்ல சார்" என்றார் மல்சுன், யாரும் கேட்காமலே.

"அக்கா, இதையே எத்தன தடவ சொல்வீங்க?" யோமின் குரலில் கோபம்கூட இல்லை. "ஆறடி ஆளோட சீட்ல உக்காந்தா உங்க கால் பிரேக்குக்கு எட்டுமா? எட்டாது. எட்டலைன்னா ஓட்ட முடியாது. நாப்பது நிமிஷம் ஓட்டியிருக்கீங்க. அப்ப தொட்டிருக்கீங்க."

மல்சுன் பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

"இன்ஸ்பெக்டர்" என்றான் ஜின்மோ. "அன்னிக்கு தேவான உள்ள உக்கார வெச்சுப் பாத்தீங்கள்ல?"

"பாத்தோம். நுழையவே முடியல."

"இவங்கள?"

யோம் கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அவருக்குப் பொருந்தல. அதனால இவங்களுக்குப் பொருந்தும்னு எழுதிட்டோம். நீங்களும் எழுதினீங்க, நானும் எழுத இருந்தேன்" என்றான் ஜின்மோ.

"உக்காருங்கக்கா" என்று தாரே கதவை அகலமாகத் திறந்தாள்.

மல்சுன் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். நுழைந்தார் என்றும் சொல்ல முடியாது. முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் இடித்துக்கொண்டன. வலது காலைப் பிரேக்கிலிருந்து பக்கத்துக்கு நகர்த்தப் பார்த்தார், பாதம் திரும்ப இடமில்லை. முகம் ஸ்டியரிங்கின் கீழ்ப் பாதிக்கு நேராக இருந்தது.

"என்னக்கா தெரியுது?"

"வேகம் காட்டுற முள்ளு தெரியுது."

"ரோடு?"

"தெரியலம்மா."

"சீட் தரையோட தரையாக் கெடக்கு" என்றாள் தாரே. "நெட்டையான ஆளு தலை இடிக்கக் கூடாதுன்னு இறக்கி வெச்ச உயரம். குள்ளமான டிரைவர் எவளும் முன்னாடி தள்ளுறதுக்கு முந்தி மேலதான் தூக்குவா. கையெடுத்தா அடுத்த பட்டன். முன்னாடி தள்ளினவருக்கு அது தோணவே இல்ல. உயரமானவங்களுக்கு உயரம்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் இருக்காது சார்."

யோம் செல்போனை எடுத்து அன்றைய படங்களைப் புரட்டினார். ஒரு படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளிக்கிழமையும் இருக்கை அவ்வளவு தாழ்வாகத்தான் இருந்தது.

"அப்ப இந்த சீட்ல ஓட்டினது யாரு?"

"யாருமில்ல" என்றான் ஜின்மோ. "அவருக்கும் பொருந்தல, இவங்களுக்கும் பொருந்தல. ஓடி முடிச்சு நின்னதுக்கப்புறம் யாரோ தள்ளியிருக்காங்க."

தாரே யோமுக்கும் அந்த விளக்கு வேடிக்கையைச் செய்து காட்டினாள். ஒட்டிக்கொண்ட சுவிட்ச், இரண்டு பக்கமும் தண்ணீர். யோம் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.

"எல்லாம் சரி. ஆனா இவங்க எப்படி ஓட்டினாங்க? சீட் பின்னாடி இருந்திருந்தா கால் எட்டாதுங்கறேன் நான். அதுக்கு யாரும் பதில் சொல்லலியே."

மூன்று பேரும் மல்சுனைப் பார்த்தார்கள். அவர் காரிலிருந்து இறங்கி, பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா" என்றாள் தாரே, இந்த முறை கிண்டல் இல்லாமல். "அந்தப் பைல என்ன?"

மல்சுன் பையை மேஜையில் வைத்து ஜிப்பைத் திறந்தார். பழைய பஞ்சுக் கோட்டை வெட்டித் தைத்த உறை. உள்ளே கெட்டியான ஸ்பாஞ்சு. முதுகுக்கு ஒன்று, ஒரு சாண் தடிமன். உட்கார ஒன்று.

"சீட்ட மாத்திட்டேன்னு மொதல்ல நிறையப் பேரு ஆப்ல ஒரு ஸ்டார்தான் குடுத்தாங்க" என்றார். "காலைல ஏறினா அவங்க அளவுல இல்லையாம். எவ்வளவு பாத்துத் திருப்பி வெச்சாலும் அந்த அளவு வராது. அதான் இத தெச்சேன். நாலு வருஷமா யாரோட சீட்டயும் தொடுறதில்ல. இத வெச்சுக்கிட்டு ஓட்டுவேன், இறங்கும்போது எடுத்துக்குவேன். தூங்குறவங்களுக்குத் தெரியாது."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் யோம்.

"போன மாசம் ஒருத்தரு பாத்துட்டாரு. அழுக்கு மெத்தைய என் லெதர் சீட்ல போட்டான்னு எழுதிட்டாரு. இன்னொரு புகார் வந்தா ஆப்ல பேர எடுத்துருவோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஸ்டேஷன்ல சொன்னா ஆபீசுக்குத் தெரியும்ல." நிறுத்தினார். "ஆள மோதினவ நான்னு ஆனாலும் பேர எடுப்பாங்கன்னு அப்ப யோசிக்கல சார். பயத்துல புத்தி அவ்வளவுதான் போச்சு."

ஜின்மோ தன் பழைய காரின் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினான். மல்சுன் மெத்தைகளைப் போட்டு ஏறினார். மூன்று நொடி. கால் பிரேக்கில் பதிந்தது, கண் ரோட்டில் நின்றது. மழைக்குள் காரைப் பின்னால் எடுத்து, குறுகலான சந்தில் ஒரே வீச்சில் திருப்பி, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"பதினேழு வருஷமா ஓட்டுற இவரு இந்தச் சந்துல அஞ்சு தடவ முன்னப் பின்னப் போவாரு" என்றாள் தாரே.

தேவான் சொன்ன நேரத்துக்கு வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு. ஒர்க்‌ஷாப் வாசலில் குனிந்து நுழைந்தவர் மல்சுனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இவ எதுக்கு இங்க? ஏம்ப்பா, என் கோல்ஃப் பை எங்க?"

"டிக்கில இருக்கு சார்" என்றான் ஜின்மோ. "ஒரு நிமிஷம்."

சொன்னான். சுவிட்ச் ஒட்டியதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இருக்கை இருவருக்குமே பொருந்தாததைச் சொன்னான், மெத்தைகளைச் சொன்னான். தேவான் பொறுமையாகக் கேட்டார். காதோரம் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

"மோதினப்புறம் இவளே தள்ளிட்டுப் போயிருப்பா."

"தன்னையே மாட்டிவிடவா?" என்றார் யோம்.

"எனக்கென்ன தெரியும்? நான் தூங்கிட்டிருந்தேன். மேல என்ன வேணும்னாலும் என் வக்கீலக் கேளு." டிக்கியைத் திறந்து பையைத் தோளில் மாட்டினார்.

யோம் ஜின்மோவின் காதருகே வந்தார். "இது போதாதுப்பா. சீட் யாருக்கும் பொருந்தலைன்னு ஆகும். தள்ளினது அவருன்னு ஆகாது. மேல இருக்கறவங்க முதல்ல எழுதினதையே வெச்சுக்கச் சொல்வாங்க."

மணி நாலேகால். ஜின்மோவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. மல்சுன் மெத்தைகளை அமுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்கு என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான் திணித்திருப்பார்.

"பதினோரு செகண்ட்" என்றான் ஜின்மோ, யோமைப் பார்த்து, சத்தமாக.

"என்னது?"

"இந்த சீட் பின்னாடியிலிருந்து முன்முனை வரைக்கும் வரப் பதினோரு செகண்ட் ஆகுது. விரல எடுத்தா நின்னுரும். அப்ப தள்ளின ஆளு கதவத் தெறந்து, குனிஞ்சு, பதினோரு செகண்ட் விடாம அழுத்திக்கிட்டே நின்னிருக்காரு. அத அப்படியே ரிப்போர்ட்ல எழுதப்போறேன்."

தாரே வாயைத் திறந்தாள். ஜின்மோ அவள் கால் மேல் கால் வைத்தான். வாய் மூடியது.

"பயந்துபோய்ப் பண்ற காரியம் இல்ல இது" என்று தொடர்ந்தான். "நிதானமா எண்ணிப் பண்ணது. ஜட்ஜ் இத வேற மாதிரிதான் பாப்பாரு."

தேவான் நடையை நிறுத்தினார்.

முதலில் பேசியது மல்சுன். அவர் யோமையோ ஜின்மோவையோ பார்க்கவில்லை. முதல் தடவையாகத் தேவானின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஹோ அண்ணன் அங்கதான கெடந்தாரு" என்றார். "முனகியிருப்பாரே. அதக் கேட்டுக்கிட்டேவா பதினோரு செகண்ட் நின்னீங்க?"

"ஏய், யாரக் கேள்வி கேக்கற நீ?" தேவானின் பை தோளிலிருந்து சரிந்தது. "கூலிக்கு வண்டி ஓட்டுறவ. என்னக் கொலகாரன்னு நெனச்சியா? பதினோரு செகண்டாம். நான் ஒரு தடவ தொட்டேன். ஒரே ஒரு தடவ. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே..."

நின்றார்.

கூரை மேல் மழை கேட்டது. தாரே திரும்ப மாட்டியிருந்த இணைப்பின் வழியே இருக்கைக்கு அடியில் 'டிக்' என்றது.

யோம் செல்போனில் பதிவு ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. "தூங்கிட்டிருந்தீங்கன்னு சொன்னீங்களே, சார்" என்றார் அலுப்போடு.

தாரே திருப்புளியை எடுத்தாள். "இன்ஸ்பெக்டர், இப்பத் தெறக்கலாமா?" யோம் தலையாட்டியதும் சுவிட்சைக் கழற்றி மேஜை விளக்கடியில் பிரித்தாள். உள்ளே இரண்டு செம்புப் புள்ளிகள் கருகி, ஒரே மணியாக ஒட்டியிருந்தன. கத்தி முனையால் நெம்பினாள். பிரியவில்லை.

"பாவம்" என்றாள். "இது ஒண்ணுல மட்டும் அவரு உண்மையத்தான் சொல்றாரு. ஒரு தடவதான் தொட்டிருக்காரு."

தேவான் அந்தச் செம்பு மணியையே பார்த்துக்கொண்டு நின்றார். யோம் கோல்ஃப் பையை அவரிடமிருந்து வாங்கித் திரும்ப டிக்கியில் வைத்தார். வெளியே நின்ற வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜின்மோ படிவத்தில் பெயரை எழுதினான். கையெழுத்துப் போட்டான். படம் எடுத்து அனுப்பினான். மணி நாலே முக்கால். தன் வேலை முடிந்தது என்று அவனுக்குத் தோன்றவில்லை. மல்சுன் போகாமல் நின்றார்.

"சார், இந்தப் பேப்பருக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

"யாருக்கு?"

"ஹோ அண்ணனோட வீட்டம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. மூணு நாள் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கல. நேத்து பாத்திரத்தத் தள்ளிவிட்டுட்டாங்க. அவங்களுக்கு நான்தான மோதினவ." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "வாசல்ல அவரு இறங்குன்னாரு, நான் இறங்கிட்டேன். ரோஷம் வந்துருச்சு. இன்னும் முப்பது மீட்டர் நானே கீழ கொண்டுபோயிருந்தா ஹோ அண்ணன் இன்னிக்கு வாசல்ல நிப்பாரு. அது உங்க பேப்பர்ல வராதுல்ல?"

"வராது" என்றான் ஜின்மோ.

நகல் எடுத்துக் கொடுத்தான். மல்சுன் அதை நாலாக மடித்து உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

தாரே ஜின்மோவின் காரைக் கிளப்பினாள். மல்சுன் பழக்க தோஷத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போய் நின்றார்.

"பின்னாடிக்கா" என்றாள் தாரே. "இன்னிக்கு நீங்கதான் கஸ்டமர். வாந்தி எடுக்காம வந்தாப் போதும்."

பின்சீட்டில் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார். எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. தாரே வழி முழுக்கப் பேசவில்லை. ஜின்மோவுக்கு அது புதிதாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. எழுப்ப இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

"அக்கா" என்றான் ஜின்மோ கடைசியில். "வந்தாச்சு."

மல்சுன் திடுக்கிட்டு எழுந்தார். முகத்தைத் துடைத்தார். உள்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"அவங்க வாங்கிப் படிப்பாங்களா சார்?"

"தெரியல."

"படிக்கலைன்னா?"

ஜின்மோ கட்டிடத்தைப் பார்த்தான். ஏப்ரலில் மனைவியின் செருப்பையும் செல்போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு, அவன் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் போனதில்லை. கண்ணாடிக் கதவு யாருக்காகவோ திறந்து மூடியது.

"நான் வந்து படிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, சீட் பெல்ட்டைக் கழற்றினான்.